விடுதிக்கார முன்னோரைத் தேடும்போது ஆளின் பெயரை விட்டு வீட்டின் பெயரைப் பிடியுங்கள்

நீங்கள் கேட்டது இது. உங்கள் கணவர் ஆங்கிலேயர். அவருடைய குடும்ப பைபிளின் முதல் தாளில், முன்னோர் ஒருவர் வில்ட்ஷயரில் பாத் நகருக்குப் போகும் பெருவழியில் இருந்த ஒரு சந்தை ஊரில் 'ஒயிட் ஹார்ஸ்' விடுதியை நடத்தியதாக எழுதியிருக்கிறது. அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் 1768, 1771, 1774 ஆண்டுகளில் அவர் பிள்ளைகள் மூவரின் ஞானஸ்நானம் கிடைத்துவிட்டது. 1779-இல் அதே பெயரில் ஓர் அடக்கமும் இருக்கிறது. ஆனால் எந்த வரியிலும் விடுதி என்ற பேச்சே இல்லை. பெயரோ நம்மூரில் 'முருகன்' என்று தேடுவது போன்ற பெயர். பழைய செய்தித்தாள்களில் அதைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, ஊரையும் சேர்த்தால் ஒன்றுமே வருவதில்லை. பதிவேட்டில் இருப்பவரும் பைபிளில் இருப்பவரும் ஒருவர்தானா என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் ஒரு ஆறுதல். பதிவேடு விடுதியைப் பற்றிப் பேசாதது உங்கள் துரதிர்ஷ்டம் அல்ல, அந்தக் காலத்துப் பதிவேடுகளே அப்படித்தான். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டதிலிருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வந்தது. ஆனால் என்னென்ன எழுத வேண்டும் என்பது குருவானவரின் விருப்பம். தந்தையின் தொழிலையும் இருப்பிடத்தையும் கட்டம் போட்டுக் கேட்கும் அச்சடித்த படிவம் 1813-இல்தான் வந்தது. கொள்ளைக்காரன் டிக் டர்ப்பினின் தந்தை ஜான், எசெக்ஸ் மாவட்டம் ஹெம்ப்ஸ்டெட்டில் கசாப்புக்காரராகவும் விடுதிக்காரராகவும் இருந்தவர். மகனின் ஞானஸ்நானம் 1705 செப்டம்பர் 21 அன்று நடந்தது. பதிவேட்டில் இருப்பது இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன் ரிச்சர்ட் என்று லத்தீனில் ஒரே வரி. பின்னாளில் நாடே பேசிய குடும்பத்துக்கே அவ்வளவுதான்.

அதனால் பதிவேட்டைக் குறை சொல்ல வேண்டாம். அதனிடம் இருப்பதை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி வாங்க வேண்டிய முதல் பொருள் கையெழுத்து. ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணக்க வேண்டும். திருமணங்களுக்குத் தனிப் புத்தகம், மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும். உங்களவருக்கு முதல் பிள்ளை 1768-இல் என்றால் கல்யாணம் பெரும்பாலும் 1754-க்குப் பிறகுதான். அந்தப் பக்கத்தின் படத்தைத் தேடி எடுங்கள். யாரோ தட்டச்சு செய்த அட்டவணை போதாது, மூலப் பக்கமே வேண்டும். முதல் எழுத்தின் சுழி எங்கே தொடங்குகிறது, கடைசி எழுத்தின் வால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை அவர் பிடித்த விதம் பிறகு உதவும்.

கல்யாணம் ஓலை வாசித்து, அதாவது கோயிலில் முன்கூட்டியே அறிவித்து நடந்ததா, லைசென்ஸ் வாங்கி நடந்ததா என்பதையும் அதே வரி சொல்லும். மூன்று ஞாயிறு ஊரறிய வாசிப்பதைத் தவிர்க்கக் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்குவது கொஞ்சம் வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்களின் வழக்கம். விடுதிக்காரர்கள் பலர் அந்த வகையில் வருவார்கள். லைசென்ஸ் என்றால் உங்களுக்கு யோகம். சாலிஸ்பரி மறைமாவட்டத்தின் திருமண லைசென்ஸ் பிணைப்பத்திரங்கள் 1615 முதல் 1837 வரை சிப்பனமில் உள்ள வில்ட்ஷயர் ஸ்விண்டன் வரலாற்று மையத்தில் இருக்கின்றன. அந்தப் பத்திரத்தில் தொழில் எழுதியிருக்கும், கையெழுத்தும் இருக்கும்.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று. நம் 'சத்திரம்' என்ற சொல்லை மனதில் வைத்துத் தேடாதீர்கள். நம் சத்திரம் தர்மத்துக்கு நடந்தது. இங்கிலாந்தின் 'இன்' என்பது படுக்கை, சாப்பாடு, குதிரைக்கு லாயம், வாடகை வண்டி எல்லாம் சேர்ந்த பெரிய வியாபாரம். 'டேவர்ன்' ஒயினுக்கு, 'ஏல்ஹவுஸ்' ஏழைகளின் பீருக்கு. ஆவணங்களில் 'இன்கீப்பர்' என்ற சொல்லைவிட 'இன்ஹோல்டர்' அதிகம் வரும். உரிமக் காகிதங்களில் எல்லோருமே 'விக்ச்சுவலர்', அதாவது உணவும் பானமும் விற்பவர் ஆகிவிடுவார்கள். ஒரே மனிதரின் தொழிலுக்கு மூன்று காகிதங்களில் மூன்று பெயர் இருக்கும், மூன்று பேர் என்று பிரித்துவிடக் கூடாது.

இப்போது செய்தித்தாள்களுக்கு வருகிறேன், விஷயம் இங்கேதான் இருக்கிறது. நண்பர் ஒருவரின் குடும்பத்துக்காக நான் முதன்முதலில் தேடியபோது மாதக்கணக்கில் ஆளின் முழுப்பெயரையே தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. காரணம் பிறகு புரிந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகை விடுதிக்காரரின் முதற்பெயரைப் பெரும்பாலும் அச்சிடுவதே இல்லை. 'மிஸ்டர்' என்று போட்டுக் குடும்பப்பெயர், அதோடு விடுதியின் பெயர், ஊரின் பெயர், அவ்வளவுதான். இன்னொரு விதமாகவும் வரும்: 'ஒயிட் ஹார்ஸின் மாஸ்டர்'. பல அறிவிப்புகளில் மனிதரே இருக்க மாட்டார், வீடு மட்டும்தான் இருக்கும். விடுதியின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடிய அன்று, ஒரே மாலையில் பன்னிரண்டு வருட வரலாறு வந்து விழுந்தது.

ஒரு சந்தை ஊரில் பெரிய விடுதி என்பது அந்த ஊரின் மண்டபம், ஏல மையம், பேருந்து நிலையம், அலுவலகம் எல்லாமே. சாலைச் சுங்கக் குழுவினர் கூடுவது அங்கே. நிலம், மரம் ஏலம் போவது அங்கே. கடன்காரர்கள் கூட்டம், சேவல் சண்டை, பந்தயத்துக்குக் குதிரை பதிவு செய்வது, காணாமல்போன கைக்கடிகாரத்துக்கு வெகுமதி தருவது எல்லாவற்றுக்கும் முகவரி அந்த விடுதிதான். இவற்றில் எந்த அறிவிப்பிலும் உங்களவர் செய்தி அல்ல. ஆனால் 'மிஸ்டர் இன்னாரின் வீடான ஒயிட் ஹார்ஸில்' என்று போகிற போக்கில் ஒரு தொடர் வரும். அதைத் தேதி வாரியாக அடுக்கினால் அவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்த வீட்டில் இருந்தார் என்பது தானாகத் தெரியும்.

அவரே காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசு வரி இருந்தது. 1712-இல் ஒரு ஷில்லிங், 1757 முதல் இரண்டு, 1780-இல் இரண்டரை, 1789-இல் மூன்று. அச்சகத்தின் கூலி அதற்கு மேல். பண்ணைக் கூலியாளின் ஒரு நாள் கூலிக்கும் மேலான தொகை வரியாகவே போனதால் வாழ்க்கையின் திருப்பங்களில் மட்டும்தான் விளம்பரம் வரும்: விடுதியை ஏற்கும்போது, புதிய லாயம் கட்டியபோது, வேறு விடுதிக்கு மாறும்போது, சாகும்போது. நீங்கள் தேடுவதும் அந்தத் திருப்பங்களைத்தானே.

ஏற்கும்போது போடும் விளம்பரத்துக்கு ஒரு வார்ப்பு உண்டு. தொடக்கத்தில் பெயர், அதற்குப் பின்னால் பழைய பிழைப்பு: இன்ன பிரபுவிடம் பட்லராக இருந்தவர், அல்லது இன்ன ஊரில் இன்ன விடுதியில் பரிமாறியவர். பிறகு, 'முன்பு இன்னார் நடத்திய ஒயிட் ஹார்ஸ் விடுதியை எடுத்திருக்கிறேன்' என்ற அறிவிப்பு. அதன்பின் நல்ல படுக்கை, கலப்படமில்லாத ஒயின், போஸ்ட் செய்ஸ் என்ற வாடகை வண்டி, திடமான குதிரைகள், கவனமான வண்டியோட்டிகள் என்று அடுக்கு. கடைசியில் கனவான்களின் ஆதரவுக்கு வணக்கம். படிப்பவர் கண் ஒயினிலும் குதிரையிலும் நின்றுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் இரண்டு துணுக்குகளை. 'முன்பு இருந்தவர்' என்ற துணுக்கு ஆண்டைச் சொல்லும், பழைய பிழைப்பு என்ற துணுக்கு அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைச் சொல்லும். 1768-க்கு முன் அந்த ஊர்ப் பதிவேட்டில் அவர் குடும்பப்பெயரே இல்லையென்றால் விடை பெரும்பாலும் இந்த இரண்டாவது துணுக்கில்தான் இருக்கிறது.

எந்தப் பத்திரிகையில் தேடுவது? சிறிய ஊர்களில் அன்று சொந்தப் பத்திரிகை கிடையாது. பாத் சாலை ஊர்களின் செய்தி நான்கு திசையிலும் சிதறியிருக்கும். 1760-இல் தொடங்கிய பாத் கிரானிக்கிள், 1730-களிலிருந்து தொடர்ந்து வந்த சாலிஸ்பரி ஜர்னல், 1723-இல் தொடங்கிய ரீடிங் மெர்க்குரி, 1722-இல் தொடங்கிய குளோஸ்டர் ஜர்னல், இந்த நான்கையும் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகத்துடன் சேர்ந்து 2011-இல் தொடங்கிய பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் மாகாணப் பத்திரிகைகள் நிறைய உள்ளன. லண்டன் பத்திரிகைகளுக்கு பர்னி தொகுப்பு. 1817-இல் இறந்த சார்லஸ் பர்னி என்ற அறிஞர் வாழ்நாள் முழுதும் சேர்த்தது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் சொத்து.

'ஒயிட் ஹார்ஸ்' என்று தட்டும்போது ஒரு தடை வரும். அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீளமாக, குறுக்குக் கோடு பாதி வெட்டிய எஃப் போல இருக்கும். கணினி அதை எஃப் என்றே படிக்கிறது. 'ஹார்ஸ்' அதன் கண்ணுக்கு 'ஹார்ஃப்', 'ஹவுஸ்' அதற்கு 'ஹவுஃப்'. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் பழகாத கண் படிப்பது போலத்தான். 1800-ஐ ஒட்டி அச்சகங்கள் இந்த எழுத்தைக் கைவிட்டன, அதற்கு முந்தைய எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. எனவே எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள். குடும்பப்பெயரில் எஸ் இருந்தால் அதற்கும் அப்படியே. பெயரில் கறை படிந்த எழுத்தை விட்டுவிட்டு 'ஒயிட்' என்பதையும் ஊரையும் மட்டும் போட்டு, பத்திரிகையையும் ஆண்டையும் குறுக்கிப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. வில்ட்ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளில் வெள்ளைக் குதிரை உருவங்கள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பாத் சாலையோரம் செர்ஹில்லில் இருப்பது 1780-இல் வெட்டியது. அந்தப் பக்கத்தில் இந்த விடுதிப் பெயர் ஊருக்கு ஊர் இருக்கும். ஊர்ப்பெயர் இல்லாத எந்த அறிவிப்பையும் உங்களவருடையது என்று சேர்த்துவிடாதீர்கள்.

விடுதிக்காரர்கள் ஓரிடத்தில் வேரூன்றியவர்கள் என்று நினைக்கத் தோன்றும். உங்கள் மாவட்டத்திலேயே நன்றாக ஆவணமான குடும்பம் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். ஓவியர் சர் தாமஸ் லாரன்ஸ் 1769-இல் பிரிஸ்டலில் பிறந்தபோது தந்தை கலால் துறையில், அதாவது எக்ஸைஸில் மேற்பார்வையாளர். மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே அவர் பிரிஸ்டல் பிராட் தெருவில் ஒயிட் லயன் விடுதியை எடுத்தார். அது ஓடவில்லை. 1773-இல் குடும்பத்தோடு டிவைசஸ் ஊருக்கு வந்து பிளாக் பேர் விடுதியை எடுத்தார். லண்டன் பெரியமனிதர்கள் பாத் போகும் வழியில் தங்கும் இடம் அது, சந்தைத் திடலில் இன்றும் பேர் ஹோட்டலாக நிற்கிறது. 1780-இல் அங்கே தங்கிய எழுத்தாளர் ஃபேனி பர்னி, விடுதிக்கார அம்மாவையும் படம் வரையும் பத்து வயதுப் பையனையும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பத்திரிகைகளைச் சேர்த்தாரே சார்லஸ் பர்னி, அவருடைய அக்காதான் இவர். அந்த வியாபாரமும் நொடித்துக் குடும்பம் பாத் நகருக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் தந்தைக்கு இரண்டு தொழில், இரண்டு விடுதி, மூன்று ஊர். பிறந்த குழந்தைகள் பதினாறு, பிழைத்தவர்கள் ஐவர். ஒரே ஊர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பத்தைக் கட்டியிருந்தால் பாதிப் பேர் தொலைந்திருப்பார்கள்.

விடுதி நொடித்தது என்றால் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் திவால் அறிவிப்பைத் தேடுவோம். அங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. விடுதிக்காரர் சரக்கு வாங்கி விற்கும் வியாபாரி அல்ல, அறையும் சேவையும் தருபவர், எனவே விடுதிக்காரர் என்ற முறையில் அவரைத் திவாலாக்க முடியாது என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எழுதினார். 1825-இல்தான் விடுதிக்காரர்கள் திவால் சட்டத்துக்குள் வந்தார்கள். அதற்கு முன் நொடித்தவர்களில் சிலர் ஒயின் வியாபாரி என்றோ, பொதுவாக 'வியாபாரி' என்று தொழிலோடு ஒட்டுப் போட்டோ அந்தப் பட்டியலில் வருவார்கள். மற்றவர்கள் கடனாளிச் சிறையிலிருந்து விடுதலை கேட்பவர்களின் பட்டியலில் வருவார்கள். இரண்டையும் பாருங்கள்.

உங்கள் 1779 அடக்கத்துக்கு நேரே வருகிறேன். அது அவருடையது என்றால் விடுதிக்கு அடுத்து என்ன ஆனது என்று கேளுங்கள். பெரும்பாலும் விதவையின் கைக்குப் போகும். குளோஸ்டர் நகரின் பெல் விடுதி இதற்கு நல்ல சான்று. மெத்தடிஸ்ட் பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் 1714 டிசம்பர் 16 அன்று அங்கே பிறந்தார். அது பழைய நாட்காட்டித் தேதி. இங்கிலாந்து தன் நாட்காட்டியை 1752 செப்டம்பரில் மாற்றியது. 1751 வரை அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது, 1752-இலிருந்துதான் ஜனவரி 1-க்கு வந்தது, ஒரு தலைமுறை பின்னால் போகும்போது ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள தேதிகளில் இதை மறக்காதீர்கள். ஜார்ஜுக்கு இரண்டு வயதிருக்கும்போது தந்தை தாமஸ் இறந்தார். தாய் எலிசபெத் விடுதியை நடத்தினார், சில ஆண்டுகளில் மறுமணம் செய்ததில் அவருடைய குடும்பப்பெயரும் மாறியது. பையன் நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு விடுதியில் தரை துடைத்ததைப் பின்னாளில் அவரே எழுதினார். தகப்பன் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு அந்த விடுதி அந்தக் குடும்பத்தின் கையில் இருந்த காலமெல்லாம் தெரியாமலே போகும்.

விதவைகளின் விளம்பரத்தில் கணவரின் நண்பர்களுக்கு நன்றி சொல்லி, தொழில் வழக்கம்போல் நடக்கும் என்று இருக்கும். என் நண்பரின் குடும்பத்தில் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான், அதில் அந்த அம்மாவின் முதற்பெயர் இருந்தது. கணவரின் முதற்பெயரை ஒரு முறைகூடப் போடாத பத்திரிகை அவர் பெயரைப் போட்டிருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரோடு அது பொருந்தியபோது எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு பிள்ளைகளைப் பெற்று, புதைத்து, கடன்காரர்களுக்கு நடுவே ஒரு பெரிய வீட்டை ஓட்டியவர், இருநூற்றைம்பது வருடமாக யாருடைய குடும்ப மரத்திலும் பெயரோடு இல்லாமல் இருந்திருக்கிறார். உங்கள் மரத்திலும் அந்த அம்மாவுக்கு ஒரு கிளை வையுங்கள், கணவருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியாக அல்ல.

மரணச் செய்தியும் வந்திருக்கலாம். 'கடந்த வியாழன் இறந்தார், பல்லாண்டு ஒயிட் ஹார்ஸின் மாஸ்டர்' என்ற மாதிரி இரண்டு வரி. அந்த வியாழனைப் பத்திரிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதிவேட்டின் அடக்கத் தேதி அதற்கு அடுத்த சில நாட்களில் விழுந்தால் இருவரும் ஒருவர் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் குறைவு. விழவில்லை என்றால் 1779-இல் அடங்கியது அதே பெயருள்ள பெரியப்பாவோ கைக்குழந்தையோ ஆகலாம். அடக்கப் பதிவில் வயது பெரும்பாலும் இருக்காது, 'இன்னாரின் மகன்' என்று குழந்தைகளுக்கு மட்டும் சிலர் எழுதுவார்கள். பங்கின் புத்தகம் கறைபட்டிருந்தால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பிரதியைக் கேளுங்கள், சில சமயம் அதில் ஒரு சொல் கூடுதலாக இருக்கும்.

உரிமப் பட்டியல்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டும் கயிறு. 1552 சட்டத்திலிருந்தே மது விற்பவர் உள்ளூர் நீதிபதிகள் இருவரிடம் உரிமம் வாங்கி, ஒழுங்காக நடத்துவேன் என்று ஜாமீனோடு பிணைப்பத்திரம் எழுத வேண்டும். 1753 சட்டம் இந்தப் பத்திரங்களைப் பதிவேடாக வைக்கச் சொன்னது. உரிமம் ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பரில். மாவட்டத்துக்கு மாவட்டம் மிஞ்சியிருப்பது வேறுபடும். ஊர், பெயர், ஜாமீன்காரர் நிச்சயம் இருக்கும், விடுதியின் பெயர் சில ஆண்டுகளில் மட்டும். ஜாமீன்காரரை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் பக்கத்து விடுதிக்காரர் அல்லது மச்சான். மூலப் பத்திரத்தில் உங்களவர் கையெழுத்து இருந்தால் திருமணப் புத்தகத்தில் பார்த்து வைத்த அந்தச் சுழியோடும் வாலோடும் ஒப்பிடுங்கள்.

மற்றவை துணைக்கு. 1780 முதல் கிடைக்கும் நிலவரிப் பட்டியல் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் தனித்தனியே காட்டும், விடுதிக்காரர் பெரும்பாலும் குத்தகைக்காரர்தான் என்பதால் சொந்தக்காரரின் எஸ்டேட் காகிதங்களில் குத்தகைப் பத்திரம் கிடைக்கலாம். 1710-இல் தொடங்கிய சன் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வீடு, சாமான், சரக்கு ஒவ்வொன்றையும் எவ்வளவுக்குக் காப்பீடு செய்தார் என்று அதில் இருக்கும். உயில் இருந்தால் இரண்டு இடம்: சாலிஸ்பரி மறைமாவட்ட உயில்கள் அதே சிப்பனம் மையத்தில், சொத்து பெரிதாக இருந்தால் கேன்டர்பரி பேராய நீதிமன்ற உயில்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில். இரண்டுமே 1858 வரை.

உங்கள் நிலையில் நான் முதலில் செய்வது இவை. சிப்பனம் மையத்துக்கு எழுதி அந்த ஊரின் 1778, 1779, 1780 ஆண்டுகளின் உரிமப் பத்திரங்கள் உள்ளனவா என்று கேட்பேன். பாத் கிரானிக்கிளிலும் சாலிஸ்பரி ஜர்னலிலும் 1779 அடக்கத் தேதிக்கு முன்பின் ஆறு வாரம், விடுதிப் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டு, எஸ் ஒரு முறை எஃப் ஒரு முறை என்று தேடுவேன். 1778 செப்டம்பரில் அவர் பெயரும் 1779 செப்டம்பரில் 1774 ஞானஸ்நானத்துத் தாயின் பெயரும் உரிமத்தில் இருந்தால், பைபிளில் இருப்பவர் அந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். 1779 செப்டம்பரிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தால், அடக்கத் தேதி அதற்கு முந்தையதா பிந்தையதா என்று பாருங்கள். முந்தையது என்றால் அந்தக் கல்லறை வேறொருவருடையது, 1780-க்குப் பிறகு அடுத்த ஊரின் பத்திரிகைகளில் அவரைத் தேடத் தொடங்கலாம்.